அல்வா ஏறிய காகிதப் பாலம்

எனக்குப் பாலம் கட்டுகிற வேலை. தாமிரபரணியின் மேல் நிற்கும் இரண்டு பாலங்களின் வரைபடத்தில் என் கையெழுத்து இருக்கிறது. பாளையங்கோட்டையில் புதுப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு சேர்ந்த மகள் இதை வகுப்பில் சொல்லியிருக்கிறாள். முன்பெஞ்சுக்காரி ஒருத்தி, "பொம்பளையாளு பாலம் கட்டுவாங்களாக்கும்? நல்லா புளுகுதா" என்று சிரிக்க, மொத்த வகுப்பும் சேர்ந்துகொண்டது. நாலு நாளாக மகள் தனியாகத்தான் சாப்பிட்டாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. டீச்சரிடம் அனுமதி கேட்டு, காகிதத்தில் பாலம் கட்டிக்காட்ட ஒரு சனிக்கிழமை நானே போய்விட்டேன்.

இரண்டு பெஞ்சுகளுக்கு நடுவே ஒரு சார்ட் பேப்பரை வைத்தேன். டஸ்டரை வைத்ததுமே தொய்ந்து விழுந்தது. அதே காகிதத்தைச் சேலைக் கொசுவம் மாதிரி மடித்து வைத்தேன். பிள்ளைகளுக்கென்று ஜங்ஷனில் சுடச்சுட வாங்கி வந்த அரைக் கிலோ அல்வாப் பொட்டலத்தை அதன் மேல் ஏற்றினேன். அசையவில்லை. கைதட்டினார்கள். மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். கரும்பலகையில் படம் போட்டு விளக்க ஆரம்பித்தேன்.

பின்னால் தொப்பென்று சத்தம். பாலம் தரையில் கிடந்தது. சூடும் நெய்யும் இறங்கி மடிப்பெல்லாம் நெகிழ்ந்து விரிந்துவிட்டது. திருநெல்வேலியிலேயே பிறந்து வளர்ந்தவள், அல்வாவின் எடையைக் கணக்குப் போட்டேன், நெய்யை மறந்துவிட்டேன்.

"சொன்னேம்லா" என்றாள் முன்பெஞ்சுக்காரி. மகளின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அவளோ எழுந்து வந்தாள். புதுக் காகிதம் ஒன்றை எடுத்து என்னைவிட நெருக்கமாக மடித்தாள். சாப்பாட்டு டப்பாவில் விரித்திருந்த வாழையிலைத் துண்டைத் துடைத்து அதன் மேல் போட்டாள். இலைமேல் அல்வாவை வைத்தாள். நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டேன். மணி அடிக்கும்வரை பாலம் நின்றது. பிறகு பொட்டலத்தைப் பிரித்து எல்லோரும் தின்றோம்.

முன்பெஞ்சுக்காரி வாயில் அல்வாவோடு கேட்டாள்: "ஏட்டி, அப்போ ஒங்கம்மா நெசமாவே பாலம் கட்டுதாங்களா?"

"கட்டுதாங்க. நெய்க் கணக்க மட்டும் நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் மகள்.

கேட்டவள் சிரித்துக்கொண்டே பெஞ்சில் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள்.