பெட்டியின் வயதைக் கேட்பவர்

"பெட்டிக்கு என்ன வயசுங்க?" என்று கைப்பேசியில் கேட்டபடியே விஜயராணி மாடிப்படி ஏறுகிறார். மறுமுனையில் யாரோ ஒரு விவசாயி, மோட்டார் மக்கர் பண்ணுகிறது என்று புலம்பிக்கொண்டிருப்பார். ஊர், பயிர், புலம்பல் எல்லாம் பிறகுதான். பெட்டி எந்த வருடம் வாங்கியது என்று தெரியாமல் விஜயராணி மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசமாட்டார்.

கிணற்று மோட்டாரைக் கைப்பேசியிலிருந்தே போடவும் அணைக்கவும் உதவும் பெட்டிகளைச் செய்கிற சின்ன நிறுவனம் அது. உறையூரில் ஒரு பல் மருத்துவரின் மேல்மாடியில் இருக்கிறது. பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு கணினி. அதற்கு நிரல் எழுதுவது விஜயராணி. நாற்பத்து நான்கு வயது, ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் டவுன் பஸ். காவிரிப் பாலத்தில் பஸ் நின்றால் மற்றவர்கள் ஆற்றைப் பார்ப்பார்கள். இவர் டிரைவருக்கு மேலே எழுதியிருக்கும், பஸ்ஸின் தகுதிச் சான்றான எஃப்.சி. தேதியைப் படிப்பார். அவருடைய கைப்பேசி மூன்று வருடமாக அப்டேட் கேட்டுக் கெஞ்சுகிறது. தினமும் "பின்னர்" என்று அழுத்திவிட்டுத்தான் காபி குடிக்கிறார்.

காரணம் இருக்கிறது. நிரல் எல்லாவற்றையும் தானே செய்துவிடாது. மணி பார்க்க, கோப்பு திறக்க, பெட்டிக்குள் ஏற்கெனவே இருக்கிற சிஸ்டம் லைப்ரரி என்னும் பொது நிரல் தொகுப்பைத்தான் அது நம்பியிருக்கும். அலுவலகக் கணினியில் புது லைப்ரரியை வைத்துக் கட்டிய நிரல், வயலில் இருக்கிற பெட்டியிலும் அதே புதுசைத் தேடும். இல்லையென்றால் எழுந்திருக்கவே செய்யாது. "பழசுல கட்டினா புதுசுலயும் ஓடும். புதுசுல கட்டினா பழசுல ஓடாது. இருக்கறதுலயே வயசான பெட்டிக்குத்தான் நாம அடங்கி நடக்கணும்" என்பார். அதற்காகவே முதல் வருடத்துப் பெட்டி ஒன்றைத் தன் மேசையில் வைத்திருந்தார், 'தொடாதீர்கள்' என்று சீட்டு ஒட்டி. அதில் ஓடினால்தான் எந்த நிரலும் வெளியே போகும்.

ஆயுத பூஜை முடிந்து மறுவாரம். கிணறு வற்றினால் மோட்டாரைத் தானே நிறுத்தும் புது நிரல், மேசைப் பெட்டியில் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடியது. வழக்கம்போல முதலில் ஒரே ஒருவருக்கு அனுப்பினார்: மருங்காபுரிப் பக்கத்து விவசாயி வெள்ளையம்மாள். வற்றிய கிணற்றில் ஓடி அவருடைய மோட்டார் ஏற்கெனவே ஒரு தடவை கருகியிருந்தது.

இரண்டு மணிக்கு வெள்ளையம்மாள் கூப்பிட்டார். "ஏம்மா, மோட்டாரு எந்திரிக்கவே மாட்டேங்குது. நேத்துத்தான் மொளகா நாத்து நட்டேன், வாடிக் கெடக்கு. நாலு மணிக்குக் கரண்டு போயிரும்மா."

விஜயராணி மேசைப் பெட்டியிடமே வயதைக் கேட்டார். அதன் லைப்ரரி இந்த வருடத்தியது என்று திரையில் வந்தது. சீட்டைக் காணவில்லை. அந்த இடத்தில் சந்தனமும் குங்குமமும் இருந்தன.

எதிர் மேசையில் சர்க்யூட் போர்டுகளுக்கு ஈயம் பற்றவைக்கும் ஹாலித் எழுந்து நின்றார். "பூஜைக்கு எல்லாரும் வெளிய தொடச்சு வச்சாங்கக்கா. உள்ளயும் சுத்தமா இருக்கட்டும்னு நான் லைப்ரரி எல்லாத்தையும் புதுசாக்கிட்டேன்."

ஊரில் உள்ள பெட்டிக்கெல்லாம் வயது கேட்கிறவர், கை எட்டும் தூரத்தில் இருந்ததைக் கேட்காமல் விட்டிருந்தார். அதுதான் விஜயராணியைச் சுட்டது.

முதலாளி டோமினிக் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "பழைய நிரலையே திருப்பி அனுப்பிடுங்க மேடம்."

"அனுப்பினா மோட்டார் ஓடும் சார். தண்ணி வத்தினா நிக்காது. மோட்டார் மறுபடி கருகினா, காயில் கட்டப் பணத்துக்கு அந்தம்மா எங்க போவாங்க?"

"லைப்ரரியையும் நிரலுக்குள்ளயே சேர்த்துக் கட்டிடலாமாக்கா?" என்றார் ஹாலித்.

"அந்தப் பெட்டில அவ்வளவு இடம் கிடையாது ஹாலித்."

நல்லவேளையாக, அலுவலகத்திலிருந்து அனுப்புவதை வாங்கி வைக்கும் பகுதி வெள்ளையம்மாளின் பழைய பெட்டியில் தனியாக இருந்தது. அதற்கு உயிர் இருந்தது. அதன் வழியாகப் பெட்டியின் சொந்த லைப்ரரியையே இங்கே நகலெடுக்க ஆரம்பித்தார். மருங்காபுரி சிக்னல் வந்து வந்து போனது. பாதி வந்ததும் அறுந்தது. மறுபடி முதலிலிருந்து. மூன்றேகாலுக்கு முழுதாக வந்து சேர்ந்தது. அதை அடியில் வைத்து நிரலைப் புதிதாகக் கட்டி அனுப்பியபோது மணி மூன்றே முக்கால். ஹாலித் இன்னும் உட்காரவில்லை.

"இங்கேர்ந்தே போடறேம்மா. கெணத்துக்கிட்ட நின்னு கேட்டுட்டே இருங்க" என்றார் விஜயராணி, வெள்ளையம்மாளைக் கைப்பேசியில் கூப்பிட்டு.

"நிக்கிறேன்மா."

கைப்பேசியில் காற்று இரைந்தது. எங்கோ ஒரு ஆடு கத்தியது. பிறகு ஒரு உறுமல், குழாயில் காற்றுக் கமறல், தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம். வெள்ளையம்மாள் ஏதோ சொன்னார். அந்தச் சத்தத்தில் காதில் விழவில்லை.

விஜயராணி எழுந்து, மேசைக்கு மேலாகக் கையை நீட்டி, கைப்பேசியை ஹாலித்தின் காதில் வைத்தார்.