ஜெயசீலனுக்குத் தெரியாத சிவப்பு

கல்லுளிமங்கன் என்றால் வளைகுடா நாட்டு முசஃபா தொழிற்பேட்டையில் ஜெயசீலன்தான். கராஜில் நசுங்கி வரும் கார்க் கதவுகளைத் தட்டி நிமிர்த்துவது அவன் வேலை. பள்ளம் எங்கே என்று விரலால் தடவியே சொல்லிவிடுவான். வாயைத் திறந்தால் மட்டும் முத்து உதிர்ந்துவிடும் என்று பயம் போல.

அவன் மனைவி விஜி பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர், பேசியே பிழைப்பவள். புருஷன் மேல் அவளுக்கு இரண்டு கோபம். புதுச் சேலை கட்டி முன்னால் நின்றால் "நல்லாருக்கு" என்பதோடு சரி. எந்த நிறம் எடுப்பு என்று ஒருநாளும் சொன்னதில்லை. அடுத்தது, பெயிண்ட் கலக்கும் செக்‌ஷனைப் பார்த்துக்கொள் என்று ஃபோர்மேன் கெஞ்சியும் இவன் பிடிகொடுக்கவில்லை. நாளைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

"தேடி வந்த சீதேவியை எட்டி உதைக்கீங்களே! உங்களுக்கு வேலையிலயும் ஆசை இல்ல, என் மேலயும் ஆசை இல்ல" என்று அன்று பொரிந்து தள்ளினாள்.

அவன் சாப்பிட உட்கார்ந்தான். அவளால் பேசாமல் இருக்க முடியுமா? மறுநாள் வகுப்பில் நடத்த வேண்டிய பாடத்தை அவனிடமே சொல்ல ஆரம்பித்தாள். டால்டன் என்ற விஞ்ஞானி. ஏழை நெசவாளி மகன். மீசை முளைக்கும் முன்பே பள்ளிக்கூடம் நடத்தியவர். எல்லாப் பொருளும் அணுக்களால் ஆனது, ஒவ்வொரு தனிமத்தின் அணுவுக்கும் தனி எடை உண்டு என்று வட்டம் வட்டமாக வரைந்து காட்டினார். அணுவைப் பிளக்க முடியாது என்றார். பின்னால் வந்தவர்கள் பிளந்தே விட்டார்கள். ஆனாலும் இன்றைக்கும் பாடம் அவரிடமிருந்துதான் தொடங்குகிறது.

"பாவம், அவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாது" என்றாள்.

ஜெயசீலன் கை மீன்குழம்பில் அப்படியே நின்றது. "யாரு கண்டுபிடிச்சா?"

"அவரேதான். அறிஞருங்க சபையில எந்திரிச்சு, என் கண்ணு இப்படின்னு சொன்னாரு. கண்ணுக்குள்ள நீலத் தண்ணி இருக்கும்னு நெனச்சு, நான் செத்த பிறகு அறுத்துப் பாருங்கன்னும் சொல்லிட்டாரு. பாத்தா தெளிஞ்ச தண்ணி. அந்தக் கண்ணை எடுத்து வச்சிருந்தாங்க. நூத்தம்பது வருசம் கழிச்சு அதைச் சோதிச்சுத்தான் பிறவிக் குறைன்னு உறுதியாச்சு."

"அம்புட்டுப் பெரிய மனுசன், வெக்கப்படலையா?"

"இதுல என்ன வெக்கம்?"

அவன் தட்டையே பார்த்தான். "எனக்கும் அப்படித்தான் விஜி. பெயிண்ட் டப்பா பாதி எனக்கு ஒண்ணு போலத்தான் தெரியும். சொன்னா சிரிப்பாங்கன்னு உங்கிட்டகூடச் சொல்லல. நாளைக்கு ஃபோர்மேன்கிட்டயும் சொல்லிருதேன்."

விஜிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடப் பாவி மனுஷா, இதற்காகவா இத்தனை வசவு வாங்கினாய்! கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அப்போ என் முகூர்த்தப் பட்டு என்ன கலரு?"

"சத்தியமாத் தெரியாது. ஆனா தோள்ல ஊக்கு குத்தி, மேடையில நீ நெளிஞ்சுக்கிட்டே இருந்த. ஃபோட்டோக்காரன் சிரிங்கன்னு சொன்னா மட்டும் சிரிச்ச."

அந்த ஊக்கைப் பற்றி விஜி பெற்ற தாயிடம்கூடச் சொன்னதில்லை.