கத்தரிக்கு முன் வந்த சீப்பு

போன மழைக்காலத்தில் பெங்களூரில் நடந்தது. பொம்மனஹள்ளியில் எங்கள் பக்கத்து போர்ஷனில் காத்மாண்டுவிலிருந்து வந்த இளம் தம்பதி இருக்கிறார்கள். நேவார் இனத்தவர். கணவருக்கு ஆடுகோடியில் ஒரு ஹோட்டல் கிச்சனில் வேலை. மனைவிக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, பகலில் நான் துணைக்கு இருந்தேன்.

நினைவு தப்பித் தப்பிப் புரண்டதில், இடுப்பு வரை நீண்ட அவள் முடி ஒரே சிக்காகிவிட்டது. ஒருநாள் காலை நர்ஸ் கத்தரியோடு வந்தார். டாக்டர் ரவுண்ட்ஸ் வருவதற்குள் வெட்டிவிடலாம், இல்லையென்றால் தலையில் புண் வைத்துவிடும் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனாலும் நானாகச் சரி என்று சொல்ல மனம் வரவில்லை. அவள் கணவருக்குப் போன் போட்டேன்.

"அக்கா, வெட்ட விடாதீங்க. இதோ வர்றேன்."

ஓசூர் ரோடு டிராபிக் தெரிந்ததுதானே! ஜன்னலுக்கும் லிப்டுக்குமாக நடந்தேன். நர்ஸ் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் வாய்க்கு வந்த சாக்கைச் சொன்னேன். அவள் கண் திறக்கிறாளா என்று பார்ப்பேன், இல்லை. போனைப் பார்ப்பேன், அதுவும் இல்லை. கடைசியில் நர்ஸ் கட்டிலருகே வந்து முடியைக் கையில் எடுத்துவிட்டார்.

அப்போதுதான் கணவர் மழையில் நனைந்தபடி ஓடி வந்தார். ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை.

"சிஸ்டர், எங்க கல்யாணத்துல மாப்பிள்ளைதான் பொண்ணுக்குத் தலை வாரி வகிடு எடுக்கணும். நான் வாரின முடி இது. நானே சிக்கு எடுக்கறேன்."

நர்ஸ் கத்தரியைப் பையில் போட்டுக்கொண்டு, தேங்காய் எண்ணெய் வாங்கிவரச் சொல்லி என்னைக் கீழே அனுப்பினார்.

கணவர், மனைவியின் பையிலிருந்த மரச் சீப்பை எடுத்து, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்க ஆரம்பித்தார். அடுப்படி வேலையில் காய்த்துப்போன விரல்களால் இழை இழையாக எண்ணெய் நீவினார். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர்கூட அவரை விலகச் சொல்லாமல், சார்ட்டைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். மதியத்துக்கு மேல் ஒரு சிக்கு வெடுக்கென்று இழுபட, அவள் முகம் சுளித்துத் தன் பாஷையில் ஏதோ முனகினாள். அவர் சிரித்தார். கண்ணீர் வழிந்தது.

என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"கல்யாணத்தன்னைக்கும் இப்படித்தான் இழுத்தேனாம், அக்கா."

அவள் பிழைத்து வீடு வந்தாள். உடம்பு முடியாதவர்களைப் பார்க்கப் போனால், முன்பெல்லாம் பழத்தை வைத்துவிட்டு எப்போது கிளம்பலாம் என்றிருப்பேன். இப்போது பக்கத்தில் உட்கார்ந்து என் கையால் செய்ய என்ன இருக்கிறது என்று தேடுகிறேன்.