ஆத்தாவிடம் ஆர்டர் கேட்ட கதை

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறேழு வருஷம் தயங்கினேன். காகிதத்தை விரிப்பேன். சாமி காரியத்தைச் சிரிக்கச் சிரிக்க எழுதினால் ஆத்தா என்ன நினைப்பாளோ என்று மடித்து வைத்துவிடுவேன். போன வாரம் முழங்காலில் வீக்கம். விபூதி பூசிக்கொண்டு மாரியம்மன் படத்துக்கு முன்னால் நின்றேன். வாயில் வந்தது இதுதான்: "ஆத்தா, எங்காலு மேல கொஞ்சம் கவனம் எடும்மா." எங்கள் பட்டுக்கோட்டைப் பக்கத்தில் கவனம் வைப்பார்களே தவிர, யாரும் எடுக்க மாட்டார்கள். எங்கள் தோட்டத்து ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி, துரையின் கடிதத்தை ஆட்களுக்குத் தமிழில் சொல்லும்போது பேசுகிற பேச்சு அது. ஆத்தா கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. மூன்றாம் நாள் வீக்கம் வடிந்துவிட்டது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். மலாக்காவில் செலண்டாருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எட்டு வருஷம் பால் மரம் வெட்டினேன். அப்புறம் ஆபீசில் பியூன் ஆனேன். கப்பலில் வந்து இறங்கிய முதல் வாரம், விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டில், கங்காணி என்னைப் பார்த்து, "நேத்து வயித்து வலின்னா ஏன்டா ரிப்போர்ட் பண்ணல?" என்றார். பண்ணுவதற்கு என்னிடம் சாமான் ஒன்றும் கொடுக்கவில்லையே என்றேன். வரிசை முழுக்கச் சிரித்தது. கொஞ்ச நாளில் நானும் பழகிவிட்டேன். இந்தப் 'பண்ணு' இருக்கிறதே, அது ஒரு வாயில்லாத மாடு. துரை எந்த வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் அதைப் பூட்டி ஓட்டலாம். செக் பண்ணு, பாஸ் பண்ணு, ஆன்சர் பண்ணு. அதற்கு அடுத்தது 'எடு'. ஊரில் கஷாயம் குடிப்போம். இங்கே ஆஸ்பத்திரி டிரசர், "மூணு வேளை மருந்து எடு" என்கிறார். லீவு எடுக்கிறோம், ரெஸ்ட் எடுக்கிறோம். பிள்ளை பெற்றவள்கூட மூச்சை நன்றாக எடு என்று மருத்துவச்சி அதட்டினதாகச் சொல்கிறாள். ஊரில் என் தாய் எடு என்று சொன்னால் அது விளக்குமாறாகத்தான் இருக்கும்.

இது இருக்கட்டும். என் மகள் மீனாச்சிக்குப் பத்தொன்பது வயது ஆனபோது ஊரிலிருந்து என் அண்ணன் எழுதினார். பெண்ணைக் கப்பல் ஏற்றி அனுப்பு, அத்தை மகனுக்கு முடித்துவிடலாம், தை மாதத்துக்குள் அங்கே மாப்பிள்ளை அமையாவிட்டால் நானே ஆள் அனுப்புகிறேன் என்று. அண்ணன் சொல்லைத் தட்டி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் மீனாச்சி இந்த மண்ணில் பிறந்தவள். அந்த ஊரையும் பார்த்ததில்லை, அந்தப் பையனையும் பார்த்ததில்லை. என் மனைவி செல்லம்மா சரியாகச் சாப்பிடாமல் இருந்தாள். மீனாச்சி மட்டும் பால் வாளியைக் கழுவிக்கொண்டே, "அப்பா, கப்பல்ல ஏத்துனா நடுக்கடல்ல எறங்கி நடந்தே வந்துருவேன்" என்று சொல்லிவிட்டாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்.

மார்கழி பிறக்க ஒரு வாரம் இருக்கும்போது, செலண்டாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் செட்டியார் ஒரு வரன் கொண்டுவந்தார். மலாக்கா டவுனை ஒட்டிய பாச்சாங்கில் இருக்கிறார் குப்புசாமி. ஒரு வக்கீல் ஆபீசில் கிராணி. மகன் தங்கவேலு துறைமுகக் கிட்டங்கியில் வேலை. செட்டியார் நல்ல மனுஷர்தான். ஆனால் காரியம் கூடி வரவேண்டுமே என்ற ஆசையில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சொல் கூடுதலாகச் சொல்லிவிட்டார். என்னிடம் சொன்னது, "டவுன் ஆளுங்க. வீட்லயே இங்கிலீசுதான். பட்டிக்காடு மாதிரி பேசிராதீங்க." அவர்களிடம் சொன்னது எனக்கு அப்போது தெரியாது: "பொண்ணோட அப்பா தேவாரம் படிக்கிறவரு. இங்கிலீசு கலந்து பேசுனா எந்திரிச்சுப் போயிருவாரு."

நான் எங்கள் கிராணியிடம் போய் ஐந்து வாக்கியம் எழுதி வாங்கி மனப்பாடம் பண்ணினேன். செல்லம்மாவுக்கு ஒரே ஒரு வாக்கியம். அதை அரிசி புடைக்கும்போதும் முணுமுணுத்தாள். மீனாச்சி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "போதும்லா அப்பா. நீங்க பேசுறதக் கேட்டா துரையே மலாய் பேச ஆரம்பிச்சிருவாரு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். குப்புசாமி, அவர் மனைவி அலமேலு, பையன். நான் வாசலில் நின்று, "பிளீஸ் டேக் யுவர் சீட்" என்றேன். குப்புசாமி திடுக்கிட்டுப் போய், "தங்கள் இல்லத்தில் அமரும் பேறு பெற்றோம்" என்றார். நாடகக் கொட்டகையில் ராஜா பேசுகிறது போல் இருந்தது. செல்லம்மா தட்டை நீட்டி, "டீ டேக் பண்ணுங்கம்மா" என்றாள். அலமேலு, "தேநீர் அருந்தும் வழக்கம் எமக்கில்லை" என்று சொல்லிவிட்டு, அந்த டம்ளரை ஏக்கமாகப் பார்த்தாள். நான் மீதி நாலு வாக்கியத்தையும் சொல்லி முடித்தேன். பையன் கூரையைப் பார்த்தான். எனக்கு மனப்பாடம் தீர்ந்துவிட்டது. அவர்கள் இலக்கணமாகப் பேசி நம்மைப் படிக்காதவன் என்று குத்திக் காட்டுகிறார்கள் என்று எனக்கு மனம் கொதித்தது. இவன் துரை பாஷையில் நம்மைக் கேலி பண்ணுகிறான் என்று அவர்களுக்கு. கால் மணி நேரத்தில் குப்புசாமி எழுந்து, "பின்னர்த் தெரிவிக்கிறோம்" என்றார். பெண் பார்த்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். கதவுக்குப் பின்னால் மீனாச்சியின் வளையல் சத்தம் நின்றுவிட்டது.

ஆனாலும் எங்கள் தோட்டத்தில் ஒரு முறை உண்டு. பெண் பார்க்க வந்தவர்கள் ஆத்தா கோயிலில் பூப்போட்டுக் கேட்காமல் போகக்கூடாது. போனால் இரண்டு குடும்பத்துக்கும் ஆகாது. மரியாதைக்கு வந்தார்கள். பூசாரி அம்மனின் இரண்டு தோளிலும் ஈரப் பூவை ஒட்டி வைத்தார். வலப் பூ முதலில் விழுந்தால் சம்மதம், இடப் பூ விழுந்தால் இல்லை. நின்றோம். இரண்டுமே விழவில்லை. கற்பூரம் அணைந்து இன்னொன்று ஏற்றினார்கள். அவர்களுடைய கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. தங்கவேலு மட்டும் பூவைப் பார்க்காமல் மீனாச்சியைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். எனக்குத் தை மாதமும், கப்பலும், செல்லம்மாவின் வற்றிய முகமும் ஒன்றாக நெஞ்சில் ஏறின. கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

"ஆத்தா, இம்புட்டு டைம் எடுத்தா எப்படிம்மா? அவுங்க பஸ்ஸ மிஸ் பண்ணிருவாங்க. எம்மவளக் கண்காணாத எடத்துக்கு டிரான்ஸ்பர் பண்ணிராத. இங்கனயே இருக்க ஒரு ஆர்டர் போடு தாயே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று காதில் விழுந்தது. சந்நிதியில் நின்று ஆபீஸ் மேசைக்கு மனுப் போடுகிறவன் போல் பேசிவிட்டேனே என்று உடம்பு கூசியது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பக்கத்தில் குப்புசாமியின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பார்த்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். அப்புறம் அவரும் கையைத் தூக்கினார்.

"அம்மா, எங்க சைடையும் கொஞ்சம் கன்சிடர் பண்ணும்மா. காலையிலேர்ந்து செந்தமிழ் பேசிப் பேசி நாக்கு டயர்ட் ஆயிருச்சு."

அலமேலு திரும்பி, "ஐயோ, அப்ப நான் டீ குடிச்சிருக்கலாமே" என்றாள். பூசாரி முதற்கொண்டு எல்லோரும் சிரித்துவிட்டோம். செட்டியார் சொன்ன இரண்டு சொல்லும் அங்கேயே வெளியே வந்தன. குப்புசாமி என் தோளைத் தட்டி, "அண்ணே, நீங்க ஆத்தாகிட்ட பேசுனீங்களே, எங்க வீட்ல நாங்க பேசுறது அப்படியேதான். தேவாரக்காரரு வெரட்டிருவாருன்னு பையனுக்கே பத்து நாளாப் பாடம் எடுத்தேன்" என்றார். செல்லம்மாவும் அலமேலுவும் கோயில் தரையில் உட்கார்ந்து, எந்தக் கடையில் கூறைப்புடவை எடுக்கலாம் என்பது வரைக்கும் போய்விட்டார்கள். பூசாரிதான் முதலில் கவனித்தார். வலப் பூ பீடத்தில் கிடந்தது. எப்போது விழுந்தது என்று யாரும் பார்க்கவில்லை. இடப் பூ அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. மீனாச்சி என்னிடம் மெதுவாக, "ஆர்டர் பாஸ் ஆயிருச்சுப்பா" என்றாள். கடைசி பஸ் போய்விட்டது. சம்பந்திகளை எங்கள் தோட்டத்துப் பால் லாரியில் ஏற்றி அனுப்பினோம்.

தை மாதமே அதே கோயிலில் கல்யாணம் நடந்தது. எங்கள் ஆத்தா ரோட்டைப் பார்த்து, மேற்கு முகமாக உட்கார்ந்திருக்கிறாள். அவளை நேராகக் கும்பிட்டால் என் முதுகை மலாக்காக் கடலுக்கும், அதற்கு அப்பால் ஊரில் இருக்கும் எங்கள் குலசாமி அய்யனாருக்கும் காட்டியதாகிவிடும். தாலி ஏறியதும் அய்யனாருக்கு நான் தகவல் சொல்ல வேண்டும். மேற்கே திரும்பினால் முதுகு ஆத்தாவுக்கு. இந்தப் பெண்ணை எனக்கு இங்கேயே நிறுத்திக் கொடுத்தவள் அவள். சற்று நேரம் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துவிட்டுப் பக்கவாட்டில் நின்றேன். ஒரு தோள் அவளுக்கு, ஒரு தோள் அவருக்கு. கூப்பிய கைக்கு நேர் எதிரே இருந்தவை ரப்பர் மரங்கள்தான். "அய்யனே, மீனாச்சிக்குக் கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது, ரிப்போர்ட் பண்ணிக்கிறேன்" என்றேன்.

இதைப் படிக்கிற நீங்கள் ஊரில் பத்துப் பேருக்குப் படித்துக் காட்டுங்கள். பட்டுக்கோட்டைப் பக்கம் போகிறவர்கள் இருந்தால் அய்யனார் காதிலும் போடுங்கள். ஆனால் சொல்லை மாற்றாதீர்கள். ரிப்போர்ட் என்ற இடத்தில் தெரிவித்துக்கொள்கிறேன் என்று திருத்திவிட்டால், வேறு எவனோ வந்து சொல்கிறான் என்று அவர் நினைத்துக்கொள்வார்.