பள்ளி பஸ் ஓட்டிய ஆர்டிஸின் ஒரு மணி நேரப் படம்

ஆர்டிஸ் ஹௌகனுக்கு மாடு கிடையாது, குதிரை கிடையாது, ஒரு சாண் மேய்ச்சல் நிலம்கூடக் கிடையாது. அப்பா ரயில்பாதையில் தண்டவாளம் மாற்றிய கூலியாள். இப்படிப்பட்டவள் மொண்டானாவில், அதுவும் கோல்ட்வாட்டரில் உட்கார்ந்துகொண்டு கௌபாய் படம் வரைந்தால் ஊர் சும்மா விடுமா? விடவில்லை. முப்பது வருஷம் விடவில்லை.

அவள் பள்ளி பஸ் ஓட்டினாள். பண்ணை பண்ணையாகப் போய்ப் பிள்ளைகளை ஏற்றுகிற வேலை. மே மாதம் கன்றுகளுக்கு அடையாளச் சூடு போடும்போது அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லாரும் ஒரே பட்டியில் கூடிவிடுவார்கள். குதிரை மேலிருந்தபடியே கன்றின் பின்னங்கால்களில் சுருக்குப் போட்டு, கயிற்றின் மறுமுனையைச் சேணத்தின் முன்பக்கம் துருத்தி நிற்கும் சேணக்கொம்பில் சுற்றி, நெருப்புக்குப் பக்கத்தில் இழுத்து வருவார்கள். ஆர்டிஸ் பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு முன்கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருப்பாள். "ஆர்டிஸ், பெல்லடிச்சிருப்பாங்க, வண்டிய எடுங்க!" என்று பிள்ளைகள் கத்தினால்தான் கியர் மாற்றுவாள். அவள் படித்த ஓவியக் கல்லூரி அந்தக் கண்ணாடிதான்.

ஒவ்வொரு ஜூனிலும் நீதிமன்றப் புல்வெளியில் ஓவியப் போட்டி நடக்கும். ஊதுகுழல் சத்தம் கேட்டதும் ஆரம்பித்து, சுற்றிலும் கூட்டம் நிற்க, ஒரே மணி நேரத்தில் வெறும் துணியில் முழுப்படத்தை முடிக்க வேண்டும். ஜெயிக்கிற படம் ஊர் அருங்காட்சியகத்தின் சுவருக்குப் போகும். அங்கே போனதை யாரும் இறக்குவதில்லை.

முதல் வருஷமே ஆர்டிஸ் மாட்டிக்கொண்டாள். சவாரிக்காரன் சேணக்கொம்பில் கயிறு சுற்றுவதை வரைந்தவள், கடிகார முள் ஓடுகிற பக்கமாகச் சுற்றிவிட்டாள். வலதுகைக்காரன் அதற்கு எதிர்ப்பக்கம்தான் சுற்றுவான். மாற்றிச் சுற்றினால் கட்டைவிரல் கயிற்றுக்கடியில் மாட்டித் துண்டாகிவிடும். ஓரின் டப்ஸ் என்ற பண்ணைக்காரர் அதை முதலில் கண்டுபிடித்தார். தன் கட்டைவிரலையே கயிற்றுக்குக் கொடுத்தவர், அதனால் அவர் பேச்சுக்கு ஊரில் எடை அதிகம்.

"ஆர்டிஸ், உன் ஆளுக்கு வெரலு போச்சு. பக்கத்துலயே ஆம்புலன்ஸையும் வரைஞ்சு வச்சிடு!"

புல்வெளியே சிரித்தது. அதற்கப்புறம் அவள் ஒரு தோல்வாரைக்கூடத் தப்பாக வரைந்ததில்லை. பண்ணைக்காரர்கள் வருஷா வருஷம் வந்து மூக்கைத் துணியில் ஒட்டாத குறையாகச் சேணம், கடிவாளம், கயிறு என்று சோதித்துவிட்டு, "கயிறு சரியா இருக்கு" என்று பீர் குடிக்கப் போய்விடுவார்கள். அந்தப் புழுதியில் விழும் வெயிலைப் பற்றி, அந்தக் குதிரையின் களைப்பைப் பற்றி ஒருத்தர் வாயைத் திறந்ததில்லை.

போன வருஷம் நடுவராக வந்த செலஸ்ட் வாரிங் இன்னும் மோசம். சாண்டா ஃபேயில் ஓவியக்கூடம் நடத்துகிறவர். மரியாதையாகத்தான் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க. இது சேணம் விக்கிற கடையோட விலைப்பட்டியல் மாதிரி இருக்கு. பழைய காலத்த நெனச்சு ஏங்குறவங்களுக்குப் பிடிக்கும். அம்பது வருஷம் கழிச்சு இத யாரு நின்னு பாப்பாங்க?"

ஆர்டிஸ் ஒரு வாரம் தூரிகையைத் தொடவில்லை. அந்த அம்மாள் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் அவளைக் குடைந்தது. தான் வரைவது ஓவியமா, இல்லை ஊர்க்காரர்கள் திருத்துகிற பரீட்சைத் தாளா? இந்த வருஷம் அது தெரிந்துவிட வேண்டும், தோற்றால் தூரிகையைத் தூக்கிப் போட்டுவிடுவது என்று முடிவு கட்டினாள். நடுவர் இந்த வருஷமும் அதே செலஸ்ட்தான்.

குழல் ஊதியது. புழுதியை முதலில் போட்டாள், பிறகு தலை தாழ்த்தி முன்னால் சாய்ந்த சாம்பல் குதிரையை. சவாரிக்காரன் ஒரு தொடையில் பாரத்தைப் போட்டுத் திரும்பிப் பார்க்கிறான். பின்னால் ஒரு கன்று, பின்னங்கால்கள் இரண்டும் சேர்ந்து நீண்டு, வயிறு மண்ணில் உரச வருகிறது. ஐம்பது நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது, கயிறு மட்டும் பாக்கி. கயிற்றை எப்போதும் கடைசியில்தான் போடுவாள். அதற்கென்று நீளமுடித் தூரிகை ஒன்று உண்டு.

தூரிகையில் சாயத்தைத் தொட்டுக் கையைக் கொண்டுபோனவள் அப்படியே நின்றாள். கயிற்றின் இழுப்பு ஏற்கெனவே அங்கே இருந்தது. குதிரையின் தோளிலும் கன்றின் முழங்காலிலும் இருந்தது. கோடு போட்டால் கெட்டுவிடும். ஆனால் கோல்ட்வாட்டரில் கயிறில்லாமல் கன்று இழுக்கிறவனை வரைந்தால், சாகும்வரை அதைச் சொல்லியே கொல்வார்கள். முழுசாக எட்டு நிமிஷம் யோசித்துவிட்டு, தூரிகையை டர்பென்டைன் டப்பாவில் போட்டாள். குழல் ஊதியது.

ஓரின் வந்தார். கூடவே அவர் மச்சான் டெல்பர்ட். டெல்பர்ட் டெக்சஸில் வளர்ந்தவர். அங்கே கயிற்றைச் சுற்றுவதில்லை, சேணக்கொம்பில் முடிச்சே போட்டுவிடுவார்கள்.

"கயிறு நல்லா விறைப்பா நிக்குது" என்றார் ஓரின். "ரெண்டு சுத்து."

"யோவ், அது முடிச்சுய்யா! குதிரை எப்படிச் சாயுது பாரு. சுத்துன கயிறுன்னா கொஞ்சம் வழுக்கிக் குடுக்கும்."

"மொண்டானாக்காரன் எவன்யா முடிச்சுப் போடுவான்? உன்ன மாதிரி கிறுக்கனா?"

"கண்ணாடியத் தொடச்சுட்டுப் பாரும்!"

"நான் எதுக்குத் தொடைக்கணும்? இதோ ஒண்ணு, இதோ ரெண்டு..." என்று ஓரின் சுற்றுகளை எண்ண விரலை நீட்டினார். விரல் காயாத சாயத்தில் பதிந்தது. சேணக்கொம்புதான் இருந்தது. சுற்றும் இல்லை, முடிச்சும் இல்லை. விரலை அங்கிருந்து கன்றின் கால்வரை காற்றில் மெல்ல இழுத்துக்கொண்டு போனார். டெல்பர்ட்டும் குனிந்து பார்த்தார்.

பின்னால் நின்ற செலஸ்ட் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "கயிற வரைய மறந்துட்டீங்களா?" என்று ஆர்டிஸிடம் கேட்டார்.

ஆர்டிஸ் வாயைத் திறக்குமுன் ஓரின் திரும்பினார், முகம் சிவந்து. "மறக்கறதாவது! அங்கதாம்மா இருக்கு. நல்லாப் பாருங்க."

செலஸ்ட் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அப்புறம் சட்டைப்பையிலிருந்த முதல் பரிசுக்கான நீல ரிப்பனை எடுத்துப் படம் நின்ற தாங்கிச்சட்டத்தில் குத்தினார். "போன வருஷம் சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன்" என்றார்.

ஓரின் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "படத்துல வெரல வச்சுக் கெடுத்துட்டேனே, ஆர்டிஸ். சரி பண்ணிடலாமா?"

"எதுக்கு? கெடக்கட்டும்" என்றாள் ஆர்டிஸ். கண்ணில் வழிந்ததைத் துடைக்காமலே சிரித்தாள். "முப்பது வருஷமா வந்து கயிறப் பாத்தீங்க. இன்னிக்குத்தான்யா படத்தப் பாத்தீங்க."