வரக்கூடாதென்று நான் வேண்டிய சளி

மாதாவின் பிள்ளைகளே, என் சளியைப் பற்றித்தான் சாட்சி சொல்கிறேன். முகம் சுளிக்கிறவர்கள் சுளித்துக்கொள்ளுங்கள். எனக்கே குமட்டும்.

ராயபுரத்துக்காரன் நான். ஹார்பரில் கரி இறக்குகிற வேலை. எழுபதுகளின் தொடக்கத்தில் நெஞ்சு அடைத்துக்கொண்டது. மூச்சு விட்டால் விசில் அடிக்கும். ஆஸ்பத்திரி டாக்டரம்மா மூச்சுக்குழாயை விரிக்கும் மாத்திரை தந்தார். போட்டால் கை நடுங்கும், மூச்சு இளகும். கொஞ்ச நேரத்தில் சளி கிளம்பிவிடும். கறுப்பாக, கொழகொழவென்று, நூல் நூலாக. கட்டிலடியில் சாம்பல் போட்ட டப்பா, அதைச் சுற்றி ஈ. சீ! சோறு இறங்காது. மாத்திரைதான் சளியை உண்டாக்குகிறது என்று நம்பினேன்.

வாரநாளில் பல்லைக் கடித்துக்கொண்டு போடுவேன். சனிக்கிழமை சாயங்காலம் முதல் தொடமாட்டேன். ஞாயிறு பூசையில் நற்கருணை அப்பம் வாங்கின வாயால் துப்பலாமா? ஆண்டவர் இறங்கின தொண்டையிலிருந்து அந்த அசிங்கம் வரலாமா? என் மனைவி பிலோமினா தலையில் அடித்துக்கொள்வாள்.

"மூச்சே வுட முடில, இதுல சுத்தம் பாத்துகினு கீறியா நீ?"

ஒரு குருத்து ஞாயிறு. கோயிலில் நற்கருணை வாங்கிப் பெஞ்சுக்குத் திரும்பினேன். நெஞ்சு கல்லாகிவிட்டது. உள்ளே களகளவென்கிறது, மேலே வரவில்லை. "ஆண்டவரே, செத்தாலும் சரி, இங்கே துப்ப வைக்காதேயும்" என்று மன்றாடினேன். கண் இருட்டியது.

ரிக்‌ஷாவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஊசி போட்டார்கள். பிலோமினா கையில் குருத்தோலையோடு முணுமுணுத்துக்கொண்டே நின்றாள். சற்றுப் பொறுத்து, அடியிலிருந்து பெயர்ந்து வந்தது. பீங்கான் தட்டு நிறையப் பச்சையும் கறுப்பும். நாற்றம் தாங்காமல் நானே முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவள் எட்டிப் பார்த்தாள். "வந்துடுச்சு! மாதாவே, அந்தக் கலீஜ் வெளிய வரணும்னு கேட்டேன், குட்த்துட்டியே!" என்று அழுதாள்.

டாக்டரம்மா சொன்னார்: "மாத்திரை சளியை உண்டாக்கலப்பா. குழாய் விரிஞ்சா, அதோட உள்சுவத்துல இருக்கிற பொடிப்பொடி முடியெல்லாம் சுறுசுறுப்பா ஆடி, தேங்கினதை மேலே தள்ளும். நீ நிறுத்தினா அங்கேயே கெட்டிப்பட்டு அடைக்கும்."

வரக்கூடாது என்று நான் ஆண்டவரிடம் கேட்டேன். வரவேண்டும் என்று அவள் மாதாவிடம் கேட்டாள். மகன் தாய் பேச்சைத் தட்டவில்லை.

இப்போதெல்லாம் ஞாயிறு விடியலிலேயே மாத்திரை போட்டு, எல்லாவற்றையும் துப்பிக் கழித்துவிட்டுத்தான் பூசைக்குப் போகிறேன். அருவருப்பு போகவில்லை, பொய் சொல்லமாட்டேன். ஆனால் டப்பாவை நானே கழுவுகிறேன், மாதாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டே.

மூச்சு முட்டித் தவிக்கிறவர்களே, மருந்தை விடாதீர்கள், மன்றாட்டையும் விடாதீர்கள். கேட்டது கிடைக்கவில்லையா? கோபிக்காதீர்கள். பக்கத்திலேயே நின்று உங்களுக்காக வேறொருவர் சரியானதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.