இரண்டாம் அணிக்காரனின் பாஸ்போர்ட்

நான் இலங்கைக்கு றக்பி விளையாடியவன் என்று யாராவது அறிமுகப்படுத்தினால், குறுக்கே விழுந்து "இரண்டாம் அணி" என்று திருத்திவிடுவேன். தன்னடக்கம் என்று நினைக்க வேண்டாம். அந்த இரண்டாம் அணியோடு பிளேன் ஏற நான் பட்ட பாட்டை முதல் அணிக்காரன் எவனும் பட்டிருக்க மாட்டான். அந்தப் பெருமையைத் தூக்கி அவன் கையில் கொடுக்க எனக்கு மனசில்லை.

தேசிய அணிக்கு அடுத்த தட்டில் இருப்பதுதான் இரண்டாம் அணி. முதல் அணியில் யாருக்காவது தோள்பட்டை விலகினால் இங்கிருந்து ஆள் போவான். விருந்தாளியாக வருகிற வெளிநாட்டு அணிகளோடு மோதவும், சின்னச் சின்னச் சுற்றுப்பயணங்களுக்குப் போகவும் எங்களைத்தான் அனுப்புவார்கள். பேப்பரில் புள்ளி வரும், எங்கள் பெயர் வராது.

கஹவத்தைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்துச் சாக்கு தூக்குவது என் வேலை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி, எனக்குப் பத்தொன்பது வயது. ஒரு மழை நாளில் கொழுந்து ஏற்றிய டிராக்டர் பெட்டியோடு சேற்றில் இறங்கிவிட்டது. எட்டுப் பேர் முதுகை வளைத்துத் தோள் கொடுத்தோம். பெரிய துரைக்கு அடுத்த அதிகாரியான சின்னத்துரை குடையைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். கண்டிப் பக்கத்துச் சிங்களவர், என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். டிராக்டர் மேட்டில் ஏறியதும் அவர் டிராக்டரைப் பார்க்கவில்லை, என் கழுத்தைப் பார்த்தார்.

"சனிக்கிழமை என்ன வேல ஒனக்கு?"

"ஒண்ணும் இல்லீங்க தொரை."

"ரத்னபுர வா. நம்ம டீம்ல ஒரு ஆள் கொறையுது."

என்ன டீம் என்றுகூடக் கேட்காமல் போனேன். ஸ்க்ரம் என்றார்கள். இந்தப் பக்கம் எட்டுப் பேர், அந்தப் பக்கம் எட்டுப் பேர், தலையைக் குனிந்து தோளோடு தோள் பூட்டிக்கொண்டு தள்ள வேண்டும். முன்வரிசையில் என்னை மாட்டிவிட்டார்கள். விதிமுறை ஒரு மண்ணும் தெரியாது. பழக்கதோஷத்தில் "தள்ளு, தள்ளு" என்று கத்தினேன். சிங்களத்திலும் அதற்கு அதே சொல்தான், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எதிர்ப்பக்கத்து எட்டுப் பேரும் பின்னால் போனார்கள். அன்று மாலை பஸ்ஸில் காது வீங்கிப்போய் உட்கார்ந்திருந்தபோது, இனி இதை விடமாட்டேன் என்று முடிவு பண்ணினேன்.

இரண்டே வருடத்தில் கொழும்பு கிளப் ஒன்று கூப்பிட்டது. கிளப்புக்குப் போவது விளையாட்டைவிடப் பெரிய வேலை. யுத்த காலம், வழியெல்லாம் சோதனைச்சாவடி, என்னிடமோ அடையாள அட்டை கிடையாது. தோட்டத்து ஆபீஸில் வாங்கிய கடிதம் ஒன்றுதான் இருந்தது. ஒவ்வொரு இடத்திலும் இறக்குவார்கள். பையைத் திறந்தால் சேறு காய்ந்த பூட்ஸ் இருக்கும். "ரகர் கஹனவத?" என்று கேட்பார்கள், றக்பி ஆடுகிறாயா என்று. ஆமாம் என்றால் சிலர் சிரித்து அனுப்புவார்கள். சிலர் பயிற்சி முடிகிற நேரம் வரைக்கும் வெயிலில் நிறுத்திவைப்பார்கள். அடுத்த வாரமும் அதே பஸ்ஸில் போவேன்.

அட்டை இல்லாததற்குக் காரணம் இருந்தது. முன்பு இந்திய, இலங்கை அரசாங்கங்கள் இரண்டும் பேசி எங்கள் தோட்டத்துச் சனத்தைப் பங்கு பிரித்தபோது, அப்பா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டிய எங்கள் லயத்தில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் எழுதினார்கள். இந்திய பாஸ்போர்ட்டும் வந்தது. பயணத்துக்கு எங்கள் முறை வருவதற்குள் யுத்தம் மூண்டு கப்பல் நின்றுபோனது. சட்டிபானையைக்கூடப் பக்கத்துக் காம்பராக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டிருந்த அம்மா, திரும்ப ஒவ்வொன்றாக வாங்கிவந்து அடுப்பு மூட்டினாராம். அதற்குப் பிறகு நாங்கள் இந்த நாட்டுக்காரர்களும் இல்லை, அந்த நாட்டைப் பார்த்ததும் இல்லை.

இந்த நிலையில்தான் இரண்டாம் அணிக்கு என்னைத் தெரிவு செய்தார்கள். மலேசியாவுக்குப் பத்து நாள் பயணம். பாஸ்போர்ட் கொண்டுவரச் சொன்னார்கள். அப்பாவிடம் சொன்னபோது அவர் முகத்தில் வந்த பெருமையை நான் அதற்கு முன்பு கண்டதில்லை.

"அதான் நம்மகிட்ட இருக்கே! ஊருல எத்தன பேருகிட்ட இருக்கு?"

பெட்டிக்கு அடியிலிருந்து, பொலித்தீன் சுற்றியபடியே எடுத்துக் கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டேன். இதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் லயத்தில் எங்களுக்குத் தெரிந்த பாஸ்போர்ட் அது ஒன்றுதான். கடல் தாண்டக் கொடுக்கிற தாள். எந்தக் கடல், எந்தப் பக்கம் என்று யார் யோசித்தது?

மைதானத்தில் அணி முழுவதும் உட்கார்ந்திருக்க, மனேஜரிடம் கொண்டுபோய் நீட்டினேன். அவர் பொலித்தீனைப் பிரித்தார். அட்டையில் சிங்கத் தலைகள் இருந்தன, ஆனால் எங்கள் சட்டையில் இருந்த சிங்கம் அது இல்லை. உள்ளே காலாவதியான தேதியும், அம்மா மடியில் ஆறு வயதுப் பிள்ளையாக நானும் இருந்தோம்.

"மல்லி, மே இந்தியாவே எகக்னே," என்றார். தம்பி, இது இந்தியாவினுடையதல்லவா என்று.

பின்னால் ஒருத்தன் சிரித்தான். அவனைத் தொடர்ந்து எல்லோரும் சிரித்தார்கள். மனேஜர் சிரிக்கவில்லை, அதற்காக அவரை இன்றைக்கும் மதிக்கிறேன். நாலு இடத்துக்குப் போன் பண்ணிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. எனக்குப் பதிலாக இன்னொருத்தன் போனான், நான் விடிகாலைப் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து வழக்கம்போல் சாக்குத் தூக்கினேன். முதலில் சிரித்தவன் மேல் எனக்கு வந்த கோபம் ஒரு வருடம் இருந்தது. பயிற்சி ஸ்க்ரம்மில் அவன் எதிரே வந்தால் போதும், எனக்குத் தனியாக உற்சாகம் பிறந்துவிடும்.

மனேஜர் ஒரு வழி சொன்னார். வெளிநாட்டு அணி இங்கே வரும்போது பாஸ்போர்ட் தேவையில்லை, அந்த ஆட்டங்களுக்கு மட்டும் வா. சரி என்றேன். வருடத்துக்கு ஒன்று, நல்ல வருடமானால் இரண்டு. அந்த ஓர் ஆட்டத்துக்காக வருடம் முழுக்க மலைப்பாதையில் சாக்கோடு ஓடினேன். "ஒனக்குக் கிறுக்கா?" என்று கணக்கப்பிள்ளை கேட்டார். கிறுக்குத்தான். என்னைவிடச் சின்னப் பையன்கள் வந்தார்கள், பிளேன் ஏறினார்கள், முதல் அணிக்குப் போனார்கள். நான் உள்ளூரிலேயே கிடந்தேன். ஒரு தடவையாவது இந்த அணியோடு வெளியே போய் வராமல் பூட்ஸைக் கழற்றுவதில்லை என்று பிடிவாதமாக இருந்தேன்.

இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு இங்கேயே தங்கிப்போனவர்களுக்கும் பிரஜாவுரிமை என்று பிறகு ஒரு சட்டம் வந்தது. அப்போது எனக்கு வயது இருபத்தெட்டைத் தாண்டியிருந்தது. இந்தியா வேண்டாம் என்று கையெழுத்துப் போட வேண்டும். அப்பா தயங்கினார்.

"அதுவும் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு, இவங்களும் இல்லன்னுட்டா எங்கடா போறது?"

"எங்கயும் போக வேணாம்பா. இங்கதான இருக்கோம்."

அவர் அந்தத் தாளைத் தொடவில்லை. நான் என்னுடையதில் போட்டேன். அட்டை வர ஆன காலத்தில், மனுசன் பொறுமையைச் சோதிப்பதற்கென்றே ஆபீஸ் கட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். ஒரு கடிதம் குறைகிறது என்பார்கள், அதைக் கொண்டுபோனால் இன்னொன்று. நான் சளைக்கவில்லை. கடைசியில் அட்டை வந்தது, அதற்குப் பிறகு பாஸ்போர்ட்டும் வந்தது. முப்பது வயதில் மறுபடியும் தெரிவுக்குப் போய், என்னைவிடப் பத்து வயது இளைய பையன்களைத் தள்ளிக் காட்டினேன். மேலதிக ஆளாகப் பட்டியலில் கடைசிப் பெயர் என்னுடையது. இந்த முறையும் மலேசியாதான்.

புறப்படுகிற காலையில் லயத்தில் நான் எதிர்பார்க்காதது நடந்தது. இந்தியாவுக்குப் போகிறவர்கள் வீடு வீடாகப் பயணம் சொல்வதும், சனம் கூடி அழுது ரோடு வரைக்கும் கூட்டிப்போவதும் எங்களிடம் இருந்த வழக்கம். பாஸ்போர்ட் வைத்துப் போன ஒருத்தரும் திரும்பி வந்ததில்லை. இருபது வருடமாக யாரும் போகாததால் அந்த வழக்கமும் நின்றிருந்தது. அன்றைக்கு மொத்த லயமும் வாசலுக்கு வந்துவிட்டது. எதிர்க் காம்பராப் பெரியம்மா என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரியே வைத்துவிட்டார்.

"பத்து நாளு வெளையாட்டு, பெரியம்மா!"

"அப்பிடித்தான்யா எல்லாரும் சொல்லிட்டுப் போனாக."

அப்பா அழவில்லை. ரோடு வரைக்கும் என் பையைச் சுமந்து வந்தார். பஸ் வந்தபோது மட்டும் கேட்டார். "பத்து நாளுன்னு எழுதிக் குடுத்திருக்காங்களா?"

மலேசியாவில் இரண்டு ஆட்டம். முதலாவதில் பெஞ்சில் உட்கார்ந்தேன். இரண்டாவதில் கடைசிப் பதினெட்டு நிமிடம் இறக்கிவிட்டார்கள். தோற்றுக்கொண்டிருந்தோம், தோற்றும் போனோம். ஆனால் ஒரு ஸ்க்ரம்மில் அவர்களை ஐந்து மீட்டர் பின்னால் தள்ளினோம். அந்த ஐந்து மீட்டரை எவனும் எடுத்துக்கொள்ள முடியாது. ஆட்டம் முடிந்ததும் மைதானத்துத் தமிழ்த் தொழிலாளி ஒருவர் தண்ணீர் கொடுத்து, "நீங்க சிலோன்காரரா?" என்று கேட்டார். எங்கள் ஊரில் என்னை அப்படி ஒருத்தரும் கூப்பிட்டதில்லை. ஆமாம் என்று சத்தமாகவே சொன்னேன்.

விடிகாலை வந்திறங்கி, பஸ் மாறி மாறிக் கஹவத்தை வந்து சேர்ந்தபோது மணி பத்து இருக்கும். பஸ் ஸ்டாண்டில் அப்பா நின்றிருந்தார். மூன்று நாளாகப் பெரட்டுக்குப் போகாமல் அங்கேதான் வந்து நிற்கிறார் என்று கடைக்காரர் சிங்களத்தில் சொன்னார். அப்பா என் தோளைத் தொட்டுப் பார்த்தார்.

"திரும்ப உள்ள விட்டாங்களா?"

"விட்டாங்கப்பா. கேள்வியே கேக்கல. முத்திரைய குத்திக் குடுத்துட்டாங்க."

"எங்க, காட்டு."

பாஸ்போர்ட்டைத் திறந்து காட்டினேன். இது போனதுக்கு, இது வந்ததுக்கு என்று விரல் வைத்துச் சொன்னேன். அவருக்குச் சிங்களமும் இங்கிலீஷும் வாசிக்க வராது. இரண்டாவது முத்திரையை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"வந்ததுக்கும் முத்திர குத்துவாங்களா?" என்றார். "எனக்குத் தெரியாதேப்பா. யாரும் சொல்லலியே."

மனேஜர் முன்னால் அழாதவன், தோற்ற மைதானத்தில் அழாதவன், அந்த பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேர் பார்க்க நின்று அழுதேன்.